இங்கிலீஷ் பேய்க்கு ஒரு துபாஷி

"நீயே இங்கிலீஷ்ல கேளும்மா" என்றார் பூசாரி திம்மராயன். "எனக்குத் தமிழ்ப் பேய் ஆவும். தெலுங்குப் பேய் ஆவும். கன்னடப் பேய்னா கைய நீட்டுனா வந்து ஒக்காந்துக்கும். இது தொரசானி வூட்டுது. இதுங்கிட்ட நான் இன்னாத்தப் பேசறது?"

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. எங்கள் தாய் சேய் நல நிலையத்தில், குழந்தைகளை எடை போடும் மேஜைமேல், வேப்பிலையைப் பரப்பி ஒரு பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம், மார்பின் மேல் எலுமிச்சம்பழம். மேஜைக்கு நான் விரித்திருந்த வெள்ளைத் துணியில் விபூதி கொட்டிக் கிடந்தது. அந்தத் துணியை வேகவைத்துச் சுத்தம் செய்ய எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலிலும் ஜன்னல்களிலும் ஊரே நின்றது. இத்தனை பேரையும் நிலையத்துக்கு வரவழைக்க நான் பல மாதங்கள் பாடுபட்டிருந்தேன். பேய் ஒரே நாளில் வரவழைத்துவிட்டது.

முன்வரிசையில் இடுப்பில் கை வைத்து நின்றவள் புட்டம்மா. அவள் மருமகள் மாதிக்கு ஏழாவது மாதம் முடிந்திருந்தது. அந்த மாதியின் காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை. அதற்குக் குறுக்கே நின்றது இந்தப் பொம்மை.

"கேளும்மா, வெயிலு ஏறுது" என்றார் பூசாரி.

கேட்பதற்கு முன்னால் பொம்மை எங்கள் மேஜைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

துரைசானி விட்டுப் போனவை

போன வருஷம், சேலத்து பஸ் என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் ஓசூர் பஸ் ஸ்டாண்டு மழையில் இறக்கிவிட்டது. சேலத்து ஆபீசில் கொடுத்த உத்தரவில் ஊரின் பெயர் இருந்தது. போகும் வழி இல்லை. தளி வரை பஸ், அதற்குப் பிறகு மாட்டு வண்டி என்று டிக்கெட் கொடுப்பவர்தான் சொன்னார். ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையும் தளி பஸ்ஸில்தான் போகிறது.

குளிர்ந்த ஊர். கேழ்வரகு, கொள்ளு, கொஞ்சம் பூந்தோட்டம். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, சர்க்கார் ஆளிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். பயிற்சிப் பள்ளியில் எனக்கு ரத்தக்குழாய்களின் பெயரெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 'வலிக்கிறதா?' என்பதற்குக் கன்னடத்தில் என்ன என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

நிலையம் என்பது இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. உதவிக்கு ஆயா கெம்பக்கா. உள்ளூர்க்காரி, எதற்கும் அஞ்சாதவள் என்று அறிமுகப்படுத்தினார்கள். பல்லியும் பொம்மையும் அதில் சேராது என்று பிறகு தெரிந்தது.

ஊருக்கு வெளியே ஒரு பங்களா. அதிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது, நிலையத்துக்குச் சில சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் மனம் அடங்கும். வந்த அன்றே எழுதினேன்:

தகரக் குளியல் தொட்டி, அடியில் ஓட்டை.
பிரம்புத் தொட்டில்.
கம்பளித் துணிகள், பூச்சி அரித்தவை.
பொம்மை, கண் திறந்து மூடுவது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கெம்பக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும், "கடசீல இன்னா எழுதுன?" என்றாள். சொன்னேன்.

"எப்ப தொறக்கும்னும் எழுதிக்கோ. நேத்து நான் கூட்டச்சொல்ல தொறந்துச்சு."

இரண்டு மேல்பல்

பொம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாதக் குழந்தையின் அளவு. துணியால் தைத்த உடம்பு, உள்ளே மரத்தூள். தலையும் கைகளும் மாவு போல எதையோ குழைத்து அச்சில் வார்த்தவை. கன்னத்திலிருந்து உதடு வரை மெல்லிய வெடிப்பு. நீலக் கண்கள். ஒரு கண்ணில் மட்டும் இமை முடி மிஞ்சியிருந்தது. நிமிர்த்தினால் கண் திறக்கும், படுக்கவைத்தால் மூடும். கொஞ்சம் சாய்த்தால் வயிற்றுக்குள்ளிருந்து 'ம்மா' என்று ஒரு சத்தம் வரும், கிணற்றுக்குள் ஆடு கத்துவது போல.

திறந்த வாயில் இரண்டு பற்கள். இரண்டும் மேல்பற்கள். எந்தக் குழந்தைக்கும் மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்தில் யாரும் சந்தேகிக்காத செய்தி. அதனால் ஊரிலுள்ள ஆண்கள் எவரும் பொம்மை இருந்த அறைக்குள் வரவில்லை. யாருக்காவது அவர்கள் தாய்மாமனாகத்தானே இருப்பார்கள்? அந்த மட்டில் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

பொம்மைக்குள் இருப்பது துரைசானியின் செத்துப்போன மகள் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பங்களாவில் சமையல் செய்தவர், "அந்தப் பாப்பா நல்லாக் குண்டா கீது, பெங்களூரு பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு அப்பன் ஆயியோட கப்பலேறுச்சு, நானே பொட்டி தூக்கிக் குடுத்தேன்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குண்டாக இருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்ல முடியும்?

எடை கூடிய குழந்தை

எனக்குப் பொம்மை தேவைப்பட்டது. குழந்தையின் கழுத்தைத் தாங்கிக் குளிப்பாட்டுவது எப்படி, தொப்புளைச் சுத்தமாக வைப்பது எப்படி என்றெல்லாம் காட்டிச் சொல்ல வேண்டும். சொந்தக் குழந்தையை அதற்குக் கொடுக்க எந்தத் தாயும் தயாராக இல்லை.

பொம்மை காற்றாக இருந்தது. தூக்கினால் குழந்தையைத் தூக்கிய உணர்வே வரவில்லை. அதனால் ஓடை மணலைச் சலித்து, வறுத்து, சிறு பைகளில் கட்டி முதுகுப் பக்கம் வைத்துத் தைத்தேன். தராசில் வைத்தபோது பிறந்த குழந்தையின் எடை சரியாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துணி உடம்பு நனையக் கூடாது. ஆகவே ஓட்டைத் தொட்டியில் தண்ணீரில்லாமல் குளிப்பாட்டிக் காட்டினேன். வாயால் 'இப்போது தண்ணீர் ஊற்றுகிறேன்' என்று சொல்லிக்கொண்டே வெறும் சொம்பைச் சாய்ப்பேன். பெண்கள் என்னையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பொம்மையைப் பற்றிய சந்தேகம் என்னைப் பற்றியும் பரவத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

தராசிலும் ஒரு தகராறு இருந்தது. குழந்தையை எடை போட்டால் கண்ணேறு படும் என்று யாரும் முதலில் வர மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வாரமும் பொம்மையைத்தான் முதலில் தராசில் வைத்துக் காட்டுவேன்.

மழைக்காலம் வந்தது. காலையில் பக்கத்து மரம் தெரியாத மூடுபனி. பொம்மையின் எடை வாரத்துக்கு வாரம் கூடியது.

வறுத்த மணல் ஈரத்தை இழுக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. ஆனால் தராசின் முள்ளைப் பார்க்கக் கெம்பக்காவுக்கு நானே கற்றுக்கொடுத்திருந்தேன். ஊருக்குப் போன செய்தி வேறு.

"நம்ம புள்ளைங்க எதுவும் ஏறல. அது ஒண்ணுதான் ஏறுது" என்றாள் கெம்பக்கா, கிணற்றடியில், எல்லோர் முன்னாலும். "எங்கேந்து ஏறுது? யோசன பண்ணிக்கோங்க."

கண் இல்லாதது

இந்த இடத்தில் வேறொரு பொம்மை ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் பயிற்சிப் பள்ளியில் தோலால் செய்த ஒரு சிசு இருந்தது. இடுப்பெலும்பின் நடுவே அதைத் தள்ளி, தலை எப்படித் திரும்புகிறது, தோள் எப்படி வெளிவருகிறது என்று கற்றுக்கொடுப்பார்கள். எத்தனையோ வருஷத்து மாணவிகள் அதைப் பிறக்கவைத்திருந்தார்கள். முகம் தேய்ந்து, மூக்கு வாய் எல்லாம் போய், செருப்பின் உள்பக்கம் போல வழவழவென்றிருந்தது. எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை.

யார் பார்த்தாலும் அலற வேண்டிய உருவம். நாங்களோ பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அதை மடியில் போட்டுக்கொண்டு வேர்க்கடலை தின்போம். 'இதைவிட அதிகத் தடவை பிறந்தவர் யார்?' என்று தோழி ஒருத்தி கேட்பாள். வீட்டில் இருக்கும் சாமி படத்தை எல்லாம் யோசித்துப் பார்ப்போம்.

அதைக் கண்டு யாரும் பயப்படாததற்குக் காரணம், அதற்குக் கண் கிடையாது. இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அது நம்மைப் பார்க்கவில்லை.

பட்டப்பகலில் ஒரு அறுவை

துரைசானி பொம்மை தானாக அழ ஆரம்பித்தது. அலமாரிக்குள் யாரும் தொடாமல் கிடக்கும்போதே 'ம்மா' என்று ஒரு குரல். அதுவும் பெண்கள் வந்து உட்கார்ந்து, நான் பேச வாயெடுக்கும் நேரத்தில். முதல் தடவை அழுதபோது பாதிப் பேர் எழுந்து போனார்கள். மறுவாரம் மீதிப் பேர்.

காரணங்களைப் பட்டியலிட்டேன். எலி. காற்று. கெம்பக்காவின் குறும்பு. உள்ளே இருக்கும் கருவி. எலிக்குப் பொறி வைத்தேன். காற்றுக்கு ஜன்னலைச் சாத்தினேன். கெம்பக்காவை அருகிலேயே உட்காரவைத்தேன். பொம்மை அழுதது. கெம்பக்கா என் மடியில் ஏறாத குறை.

மிஞ்சியது கருவி. அழுகிற நேரத்தைக் கவனித்தபோது விஷயம் பிடிபட்டது. கிழக்கு ஜன்னல் வெயில் அலமாரிமேல் விழுந்து மரம் சூடேறிய பிறகுதான் அழுகிறது. உள்ளே தோல் துருத்தி ஒன்று இருக்க வேண்டும். பனியில் விறைத்து நின்ற தோல், சூட்டில் இளகிக் கீழே இறங்குகிறது. காற்று பீப்பி வழியே வெளியேறுகிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் மட்டும் அறிந்து என்ன பயன்? கண்ணால் பார்த்தால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். கெம்பக்காவை அனுப்பி, 'அழுகிறது எதுவென்று காட்டுகிறேன், வாருங்கள்' என்று ஊரைக் கூப்பிட்டேன். வந்தார்கள். பொம்மையை மேஜையில் மல்லாத்தி, கொதிக்கவைத்த கத்தரிக்கோலை எடுத்து, மார்பிலிருந்து தொப்புள் வரை நறுக்கினேன்.

சுத்தமான வேலை. மரத்தூளை ஒதுக்கிவிட்டு, தகர டப்பி ஒன்றை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்து உயர்த்தினேன். அது என் கையில் இருந்தபடியே 'ம்மா' என்றது.

கூடம் காலியாக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது. நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஒற்றைச் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது.

அந்தக் கதை ஊர் ஊராகப் போனது. அடுத்த ஊரில், நர்சம்மா பொம்மையின் ஈரலை எடுத்தாள். தளி சந்தையில், எடுத்தது பொம்மையுடையது அல்ல. ஓசூர் பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒருவர், அந்தப் பக்கத்தில் ஒரு நர்சு அழுகிற பிள்ளைகளின் தொண்டையைக் கழற்றி டப்பியில் போட்டுவைப்பதாக எனக்கே சொன்னார். "அப்புறம் அழாதாங்க, அது வரைக்கும் நல்லதுதான்" என்றார்.

டப்பியைத் திரும்ப உள்ளே வைத்து, பிரசவத் தையல் நூலாலேயே பொம்மையைத் தைத்தேன். பள்ளியில் கற்ற முடிச்சு. பார்த்தால் எங்கள் ஆசிரியை மெச்சியிருப்பார். அதற்குப் பிறகு நிலையத்துக்கு ஒருவரும் வரவில்லை.

மாதியின் மெட்டி

ஒருவரும் வராவிட்டால் நான் போகலாமே என்று போனேன். கேழ்வரகுக் காட்டு வரப்பில் மாதி உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கலாம். சிரித்த முகம், அன்று அந்த முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. கால் விரல்களில் மெட்டி இல்லை. புடவை முந்தியில் முடிந்து வைத்திருந்தாள்.

"ஏன் கழட்டினே?"

"கவ்வுது நர்சம்மா. சவுக்காரம் போட்டு உருவிக் கழட்டுச்சு அத்த."

"தலை வலிக்குதா?"

"காலையில வலிக்குது. அது கெடக்கட்டும். அந்தப் பொம்ம நெசமாவே வெள்ளையா கீதா? அதப் பாத்தா புள்ள வெள்ளையா பொறக்கும்ங்கறாங்க. தூரக்கா நின்னு ஒரு தபா பாத்துட்டுப் போவட்டா?"

முதல் இரண்டு பிள்ளையும் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போயிருந்தன. இரண்டாவது தடவை மாதிக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுத்ததாம். பேய் அறைந்ததென்று ஊர் சொன்னது. கால் வீக்கம், தலைவலி, அதன் பின் வலிப்பு. என் புத்தகத்தில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. மூன்றாவது வருவதற்குள் அவள் ஓசூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டும்.

அவள் காலைத் தொடக் குனிந்தேன். வரப்பின் மறுபக்கத்திலிருந்து புட்டம்மா வந்துவிட்டாள்.

"பேடா!" என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். அதை நான் அதற்குள் நன்றாகக் கற்றிருந்தேன். "தொடாத. ரெண்டு போச்சு. மூணாவதுக்காவ உன் வூட்டுல ஒண்ணு வாயத் தொறந்துக்கினு காத்துக்கினு கீது. வாரா வாரம் எட வேற ஏறுது. மாதி, எந்திரு."

அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. நான் எதிலிருந்து மாதியைக் காப்பாற்ற நினைத்தேனோ, அவளும் அதிலிருந்துதான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பெயர்தான் வேறு வைத்திருந்தாள்.

அந்த வாரமே ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். பேயை ஓட்டாவிட்டால் நிலையத்தை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி சேலத்துக்கு மனு போடுவார்களாம். ஓட்டுங்கள் என்றேன். "பகலில், என் மேஜையில், என் முன்னால்." அப்படியானால் எல்லோரும் வருவார்கள், புட்டம்மாவும் வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

வாட் டூ யூ வாண்ட்?

இனி மேஜைக்குத் திரும்பலாம்.

திம்மராயன் நேர்மையான ஆள். மூன்று பாஷையிலும் முறையாகக் கேட்டுப் பார்த்துவிட்டார். "யாரு நீ?" பதில் இல்லை. "எவரு நுவ்வு?" இல்லை. "யாரு நீனு?" இல்லை. வேப்பிலையால் ஓங்கி ஒரு அடி அடித்ததில் பொம்மை புரண்டு 'ம்மா' என்றது.

"அம்மாங்குது! தமிழு தெரியுது!" என்றது வாசல்.

"ஏன், எங்க கன்னடத்துல இன்னா, அப்பாவா?" என்றது ஜன்னல்.

தெலுங்குக்காரர்களும் உரிமை கொண்டாடியபோதுதான், பூசாரி கையமர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் குனிந்து, பொம்மையை நிமிர்த்தி உட்காரவைத்தேன். கண் திறந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"குட் மார்னிங்" என்றேன். "வாட் டூ யூ வாண்ட்?"

"இன்னா கேட்ட?" என்றார் பூசாரி.

"காலை வணக்கம் சொல்லிட்டு, என்ன வேணும்னு கேட்டேன்."

"பேய்க்கு இன்னாத்துக்கும்மா வணக்கம்? அதட்டிக் கேளு!"

"அவங்க வழக்கம் அப்படி. மரியாதை கொடுக்காட்டிப் பேச மாட்டாங்க."

"அது சரி" என்று பூசாரி தலையாட்டினார். "தொரையும் அப்படித்தான்."

பிறகு எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் என் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு ஆள் கிடையாது. பேய் என்ன சொன்னது என்று நான் சொல்கிறேனோ, அதுதான் பேய் சொன்னது.

மனதுக்குள் பட்டியல் தானாக ஓடியது. கர்ப்பிணிகள் மாதம் ஒரு தடவை வர வேண்டும் என்கிறது. தொப்புளில் சாம்பல் வைக்கக் கூடாது என்கிறது. மாதி இன்றே வர வேண்டும் என்கிறது. ஒரு வருஷ வேலை, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

வாயைத் திறந்தேன். அதற்குள் புட்டம்மா பேசினாள். குரல் முன்பு போல இல்லை.

"எங்க வூட்டுப் புள்ளைங்க ரெண்டயும் இதுதான் இஸ்துக்கினு போச்சான்னு கேளு."

யாரும் சிரிக்கவில்லை. நான் பொம்மையின் பக்கம் திரும்பவும் இல்லை.

"இல்லை" என்றேன்.

"அப்ப எது?"

"அது தெரியணும்னா, மாதியோட காலையும் நீரையும் நான் பார்க்கணும்."

புட்டம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "இது அது சொன்னதா? நீ சொல்றதா?"

பட்டியல் நாக்கு நுனியில் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தபோது அதை உச்சரிக்க முடியவில்லை.

"நான்தான் சொல்றேன். அது எதுவும் சொல்லலை. அதுக்கு உள்ளே மரத்தூளும் மணலும் ஒரு டப்பியும்தான். அன்னைக்கே காட்டினேன். காட்டின விதம்தான் சரியில்லை."

போய்விட்டது என்று நினைத்தேன். புட்டம்மா பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள்.

"அது சொல்லுச்சுன்னு சொல்லியிருந்தீன்னா, இன்னிக்கே அவள குந்தாரப்பள்ளிக்கு, தாய் வூட்டுக்கு ஏத்தி அனுப்பியிருப்பேன். பேய் கூப்புட்ட எடத்துக்கு வாயும் வவுறுமா கீறவள எவளாச்சும் அனுப்புவாளா? நீ கூப்புடற. நீ மனுசி. இரு, இட்டாறேன்."

அவள் போன பிறகு கண்ணாடிக் குழாயைக் கழுவி, ஸ்பிரிட் விளக்கை எடுத்து வைத்தேன்.

பூசாரியின் வண்டி

மாதியின் கணைக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது. "களியில வெரல வெச்ச மாதிரி கீதே" என்றாள் புட்டம்மா. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். கொதித்ததும் மேலே வெள்ளையாகத் திரண்டது. மருந்துத் துளி விட்டும் கரையவில்லை.

"மொசராட்டம் கீது" என்றாள். தயிர் போல இருக்கிறதாம். "இது இருக்கலாமா?"

"இருக்கக் கூடாது. இன்னைக்கே ஓசூர் போகணும்."

மாதியின் புருஷன் மாடு விற்க குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தான். வீட்டு வண்டியும் அவனோடு போயிருந்தது. வாசலில் பூசாரியின் வண்டி நின்றது. நல்ல காளைகள். புட்டம்மா ஒரு வார்த்தை கேட்காமல் மருமகளைத் தூக்கி அதில் உட்காரவைத்தாள்.

"என் பூச இன்னும் முடியல! நான் எப்படிப் போறது?" என்றார் திம்மராயன்.

"பொம்ம எங்கியும் ஓடாது. நீ நடந்து போ. வழியில பேய் வந்தா பேசு. மூணு பாஷ தெரியுமில்ல?"

தளியில் பஸ் பிடித்தோம். ஓசூர் டாக்டரம்மா மாதியைப் படுக்கவைத்தார், எழுந்திருக்க விடவில்லை. உப்பில்லாத சாப்பாடு. உப்பில்லாமல் மனிதர் சாப்பிடுவதா என்று புட்டம்மா அந்த ஆஸ்பத்திரியில் நடத்திய சண்டை தனிக் கதை. நாள் நிறையும் முன்பே குழந்தை பிறந்தது. பெண். உள்ளங்கையில் அடங்கும் எலிக்குஞ்சு போல இருந்தது. ஆனால் பிறந்தவுடன் அழுதது. மாதிக்கு வலிப்பு வரவில்லை.

"வெள்ளையாவா கீது?" என்று கண் திறந்ததும் கேட்டாளாம்.

"உன்ன மாதிரி கறுப்பு" என்றாளாம் மாமியார். "தேவர புண்ணியம்."

கல்லுக்குப் பதில்

அந்தப் பக்கத்தில் குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளில் ஒரு வழக்கம். முதலில் அம்மிக் குழவியைக் கழுவி, எண்ணெய் தடவி, துணி சுற்றி, பொட்டு வைத்து, அதைத்தான் தொட்டிலில் படுக்கவைத்துத் தாலாட்டுவார்கள். பிள்ளை கல் போல இருக்க வேண்டும். பிள்ளையைத் தேடிக்கொண்டு ஏதாவது வந்தால், அது கல்லைப் பிள்ளையென்று நினைத்து ஏமாந்து போக வேண்டும். அதன் பிறகே குழந்தையின் முறை.

மாதியின் வீட்டில் தொட்டில் கட்டிய அன்று காலை, கெம்பக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"நர்சம்மா, உன்ன வரச் சொல்லுச்சு புட்டம்மா. தனியா வராதயாம். அதையும் இட்டுக்கினு வரணுமாம்."

கம்பளித் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். புட்டம்மா பொம்மையை வாங்கி, பொட்டு வைத்து, மேல்பல் தெரியாமல் வாயில் ஒரு மஞ்சள் துணியைச் செருகினாள். தாய்மாமன் வந்திருந்தான், அவன் பத்திரம் முக்கியம்.

"குழவி எங்கே?" என்று கேட்டேன்.

"கல்லா? அது அந்தக் காலம். இப்ப பேயும் வெவரமாய்டுச்சு நர்சம்மா. கல்ல வெச்சா நம்பாது. இதுக்குன்னா கண்ணு கீது, பல்லு கீது, எட ஏறுது. உன் தராசே சாட்சி. வர்றது எதுவானாலும் இதத்தான் மொதல்ல பாக்கும்." பிறகு என் பக்கம் சாய்ந்து, மெல்லச் சொன்னாள்: "மரத்தூளுதான்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதில்ல?"

எதற்குத் தெரியாது என்று நான் கேட்கவில்லை.

அவள் பொம்மையைத் தொட்டிலில் சாய்த்தாள். சாய்த்தவுடன் அது 'ம்மா' என்றது. சுற்றி நின்ற பெண்கள் வீலென்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். புட்டம்மா உதட்டில் விரலை வைத்து அதட்டினாள்.

"சும்னிரு!"

பொம்மை பேசாமல் கண்ணை மூடிக்கொண்டது.

"பாத்தியா? கன்னடமும் கத்துக்கிச்சு" என்றாள் என்னிடம், பெருமையாக.

அதன் கண்களுக்குப் பின்னால் ஓர் ஈயக் குண்டு இருக்கிறது; படுத்தால் அது சரிந்து இமையை மூடும். சொல்லியிருக்கலாம். "சீக்கிரமாவே கத்துக்கிச்சு" என்றேன்.

பொம்மையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மாதி தன் குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். அது ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தது. பிறகு முகம் சிவக்க, கைகால் உதைக்க, தெருக்கோடி வரை கேட்கும்படி அழுதது. மேல்பல் இல்லை, கீழ்ப்பல் இல்லை. வாய் முழுவதும் அழுகை.

"நர்சம்மா, இது ஏன் இப்படிக் கத்துது?" என்றாள் மாதி.

தெரியவில்லை என்றேன். திறந்து பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை.